ஓடிப்போகிறவர்களுக்கு ஒரு வண்டி

அடுத்த வீட்டுப் பெண் ஓடிப்போனால் செய்தி. நம் வீட்டுப் பெண் ஓடிப்போனால் இடி. இந்தக் குடும்பத்துக்கு மட்டும் அது தொழில்.

யார் யாரோ கையைக் கோத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மலை உச்சியில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், படமும் எடுத்துத் தர வேண்டும் என்பார்கள். அப்பா வண்டி ஓட்டுவார். பெரியவள் படம் எடுப்பாள். அம்மா மணப்பெண்ணின் கவுன் விளிம்பில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைப்பாள், மீன் பிடிக்கிறவர்கள் தூண்டிலில் கட்டுவார்களே, அதே குண்டு. அது இல்லாவிட்டால் மேலே அடிக்கிற காற்றில் கவுன் தலைக்கு மேல் போய்விடும், அப்புறம் அந்தப் படத்தை யாருக்குக் காட்டுவது?

கூட வர ஆளில்லாத ஜோடி என்றால் சாட்சிக் கையெழுத்தும் இவர்களே போடுவார்கள். அப்பா ஒன்று, பெரியவள் ஒன்று. கையெழுத்துப் போட்டதும் அப்பா மாப்பிள்ளையின் முதுகில் தட்டி, பெற்றவர்கள் கோபம் பேரன் முகம் பார்க்கும்வரைதான், தைரியமாக இரு என்பார். அவர் வாயால் கேட்கும்போது ரொம்ப ஆறுதலாக இருக்குமாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

இந்த வீட்டில் தொழிலில் சேராத ஒரே ஆள் சின்னவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் அவள் அப்பாவின் முன் வந்து நின்று, எதிர்க்கடைக்காரர் மகனைப் பிடித்திருக்கிறது என்றதையும், அதற்கு அப்பா ஆடிய ஆட்டத்தையும் தொடர்ந்து படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்பாவின் கடைக்கு எதிரிலேயே இதே தொழில் நடத்தும் அந்த ஆள் ஒரு காலத்தில் அப்பாவின் கூட்டாளி. மலை மேலே ஜோடிகளை நிறுத்திப் படம் எடுக்கிற அந்தத் தட்டைப் பாறையை முதலில் பார்த்தது யார் என்பதில் ஆரம்பித்த சண்டையில் பிரிந்து போனவர். அவர் மகன் கேமரா கட்டிய குட்டி விமானத்தைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதால் இந்த வீட்டில் அவனுக்குப் பெயர் ‘டிரோன்’.

அந்த வீட்டுப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றார் அப்பா. சரிப்பா என்றாள் சின்னவள். அந்த ஒரு வார்த்தையை அவர் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். ஒரு சட்டை நிறத்துக்கே மூன்று நாள் சண்டை போடுகிற பெண், கல்யாணத்துக்கு ஒரே வார்த்தையில் அடங்கினால் சந்தேகப்பட வேண்டாமா? ஆண்களுக்கு இது ஏன் தோன்றுவதில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் கையில் பிடி எதுவும் இல்லாமல் இருந்தாள், போன வாரம் அந்தக் கவுன் வரும்வரை.

பெயர் சொல்லாத ஜோடி ஒன்றுக்காகப் பெட்டியில் வந்த பால் நிறக் கவுன் அது. ஈயம் தைக்கப் பிரித்த அம்மா, இடது தோள்பட்டையை மட்டும் யாரோ விரற்கடை அளவு தூக்கித் தைத்திருப்பதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் சின்னவளுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவளுடைய ஒவ்வொரு உடையிலும் அம்மா அந்த இடத்தைத் தூக்கித் தைப்பாள். இதைச் செய்தது வேறொரு கை.

இன்றைக்கு விடிந்ததிலிருந்தே அம்மா பெரியவளை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தாள். நாளை விடியும் முன் மலையேற வேண்டும். பெரியவள் சாப்பாட்டு மேஜையில் லென்ஸ்களைப் பரப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் தையல் மெஷினில் உட்கார்ந்து, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள்.

பெரியவளுக்கு ஒரு குணம். ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய நாள் அவள் கஸ்டமரைத் திட்டித் தீர்ப்பாள். இந்தப் பெண்ணுக்கு மேகம் வேண்டுமாம், ஆனால் குளிரக் கூடாதாம். இந்தப் பையனுக்கு வலது பக்கம்தான் அழகாம், இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று யார் போய்ச் சொல்வது. இப்படியே போகும். அந்த வசவுதான் அந்த வீட்டின் வானொலி. இன்றைக்கு அது ஓடவில்லை.

பெண் எப்படி என்று அம்மா விட்டுப் பார்த்தாள். நல்ல பெண் என்றாள் பெரியவள். பையன்? அவனும் நல்லவன்தான். ஏதாவது தொந்தரவு கொடுக்கிறார்களா? இல்லையே, ஒன்றும் இல்லையே.

ஒரு கஸ்டமரை அவள் நல்லவர் என்று சொல்லி அம்மா கேட்டதே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பெரியவளின் கை ஏற்கெனவே பளபளவென்றிருந்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தது. இவளும் கூட்டு என்று அம்மா முடிவு கட்டினாள். ஒருத்தி மறைத்தாலே தாங்காது, இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தால் பெற்றவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

மத்தியானம் அப்பா வேறொரு சந்தேகத்தோடு வந்தார்.

பயணத்துக்கு முன்னால் மணமக்களின் காலணியை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அது அவர் சட்டம். குதி உயர்ந்த செருப்போடு வந்து பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்ட ஒருத்தியை முதுகில் சுமந்து இறங்கியதிலிருந்து இந்தப் பழக்கம். எல்லோரும் நேரில் வந்து காட்டுவார்கள். இந்த ஜோடி வரவில்லை. இரண்டு ஜோடி பூட்ஸைப் பையில் போட்டுப் பெரியவளிடம் கொடுத்தனுப்பியிருந்தது.

முற்றத்தில் வண்டியின் பானட்டில் பூட்ஸ்களை வைத்துக்கொண்டு அப்பா புருவத்தை நெரித்தார். பெண்ணுடையது புதிது, அதில் அவருக்குக் குறையில்லை. ஆணுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் முன்விரல் பக்கம் தேய்ந்து, குதிகால் ஓரம் கல்லில் உரசி வெளுத்திருந்தது.

“இவன் மலைக்குப் புதுசு இல்ல” என்றார். “மாசத்துக்குப் பத்து தடவை ஏறி எறங்குற காலு இது. வழி தெரிஞ்சவன் எதுக்கு நம்ம வண்டியில வரான்?”

பெரியவள் மலையேறுவது பொழுதுபோக்காக இருக்கும் என்றாள். கேட்கும் முன்பே பதில் தயாராக இருந்தது. அம்மா ஜன்னல் வழியே அதையும் குறித்துக்கொண்டாள்.

அப்பாவின் புத்தி நேராக எதிர்க்கடைக்குப் போனது. இந்த ஜோடி கல்யாணம் செய்துகொள்ள வரவில்லை, அந்த ஆள் அனுப்பிய ஒற்றர்கள். நம் பாறைக்குப் போகும் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு நாளைக்கே கடையில் விளம்பரம் மாட்டுவான். இதுதான் அவர் கண்டுபிடித்தது. சிரிக்காதீர்கள். முக்கால்வாசி சரியாகத்தான் கண்டுபிடித்தார்.

பாறைக்குப் போக வேண்டாம், எல்லோரும் போகிற இரும்புக் கம்பி வேலி பக்கத்திலேயே நிறுத்தி நாலு படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்று தீர்ப்பும் சொன்னார். பெரியவளுக்கு முகம் செத்துப்போயிற்று. அவர்கள் பாறையைத்தான் கேட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கேட்டால் கொடுத்துவிட வேண்டுமா என்று அப்பா பூட்ஸைப் பையில் திணித்தார்.

அம்மா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அந்தக் கால் யாருடையது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பாறைக்கு வழி தெரிந்த இன்னொரு குடும்பம் ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

இனி மிச்சம் ஒரே ஒரு சோதனை. ஈயம் தைப்பதற்கு முன் கவுனை யாராவது போட்டுக்கொண்டு முக்காலி மேல் நிற்க வேண்டும், அப்போதுதான் விளிம்பின் மட்டம் தெரியும். முன்பின் தெரியாத மணப்பெண்களுக்காகச் சின்னவள்தான் எப்போதும் நிற்பாள். நின்றுகொண்டே பிஸ்கட் தின்பாள். துணியில் தூள் விழுகிறது என்று அம்மாவிடம் திட்டும் வாங்குவாள்.

சாயங்காலம் கண்ணாடிக் கடையிலிருந்து வந்தவளிடம், வந்து நில்லடி, நாளைக்குப் போகிற கவுன் என்றாள் அம்மா. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

சின்னவள் தலைவலி என்றாள். அம்மா மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். கடையில் நாள் முழுக்க நின்றதில் கால் வலி என்றாள். கொஞ்ச நேரம்தான் என்றாள் அம்மா. தோழி வீட்டில் ராத்திரி தங்கப் போகிறேன், கிளம்ப வேண்டும் என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தானே போவாய், அதற்குள் முடிந்துவிடும் என்றாள் அம்மா. அதற்கு மேல் மறுத்தால் முழுப் பூசணிக்காய் வெளியே தெரிந்துவிடும். சின்னவள் கவுனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது பிஸ்கட் கேட்கவில்லை.

கவுன் அவள் உடம்பில் ஒட்டவைத்தது போல் உட்கார்ந்திருந்தது. மற்றவர்களின் கவுன் என்றால் இடுப்பில் தொளதொளக்கும், இல்லையென்றால் மார்பில் இறுக்கும், அம்மா ஊக்கு குத்திச் சரிக்கட்டுவாள். இதற்கு ஓர் ஊக்கும் தேவைப்படவில்லை. சின்னவள் முக்காலி மேல் ஏறி நின்று சுவரைப் பார்த்தாள். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். வாயில் ஊசி இருந்தது நல்லதாகப் போயிற்று, பேச வேண்டியதில்லை.

விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அப்பா உள்ளே வந்தார். வண்டிச் சாவியைத் தேடி வந்தவர், மகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

“நல்லா இருக்கே” என்றார். “அந்தப் பொண்ணுக்கும் இதே மாதிரி பொருந்தினா சரி.”

சின்னவள் சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு, ஒற்றர்களுக்கு இவ்வளவு நல்ல கவுன் எதற்கு என்று முணுமுணுத்தபடி போனார்.

அம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

“தோள்பட்டையை யார்டி தைச்சா?”

சின்னவள் முக்காலியிலேயே நின்றுகொண்டு அழுதாள். பால் நிறத் துணியில் கண்ணீர் விழக் கூடாதென்று அந்த நிலையிலும் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டாள். தையல்காரியின் மகளல்லவா.

விஷயம் துண்டு துண்டாக வந்தது. நாளைக்குத்தான் கல்யாணம். மலையடிவார வளைவில் அவளும் டிரோனும் குல்லாயும் கழுத்துத் துணியுமாக முகத்தை மூடிக்கொண்டு இருட்டில் வண்டி ஏறுவார்கள். மேலே போன பிறகுதான் அப்பாவுக்குத் தெரியும். அக்காதான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். கவுனை அம்மாவிடம் கொடுக்காமல் விட்டால் அப்பாவுக்குச் சந்தேகம் வரும் என்று கொடுத்தார்கள். அம்மா விளிம்பை மட்டும்தான் பார்ப்பாள் என்று நினைத்தார்களாம். பெற்றவளை இத்தனை வருஷத்தில் இவர்கள் புரிந்துகொண்ட லட்சணம் இதுதான்.

எத்தனையோ வழி இருக்க, அப்பா வண்டியிலேயே ஏறி அப்பாவிடமிருந்தே ஓடிப்போவார்களா என்று அம்மா கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள்.

“வேற எங்க வச்சாலும் அப்பா வர மாட்டாரும்மா. கஸ்டமர்னா வருவார். வண்டியில ஏறினவங்கள பாதியில எறக்கி விட்டதே இல்லையே அவர். யார் யாருக்கோ சாட்சிக் கையெழுத்துப் போட்டாரே, எனக்கும் அவர் கையெழுத்து வேணும்மா.”

அம்மாவுக்கு அதைக் கேட்டதும் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. ஓடிப்போகும்போதும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஓட நினைக்கிற பெண்ணை என்ன செய்வது? டிரோனும் கெட்ட பையனில்லை. ஒரு தடவை மழையில் கடைவாசலில் நின்ற அம்மாவுக்குக் குடை கொடுத்துவிட்டு, யார் கொடுத்தது என்று வீட்டில் சொல்ல வேண்டாம் என்றவன்தான். இவள் மனம் அப்படியே இளகி வரும்போதுதான் அது உறைத்தது.

“சரி, நான்?” என்றாள்.

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை.

“அப்பா இருப்பார். அக்கா இருப்பா. நான் எங்கடி இருப்பேன்?”

சின்னவள் விழித்தாள். அம்மாவுக்கு மேலே போனால் மூச்சு முட்டும், டாக்டர் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் இறங்கி வந்ததும் முதலில் அம்மாவிடம்தான் படங்களைக் காட்டுவதாக முடிவு செய்திருந்தார்களாம். சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. தான் சொல்வது எப்படி இருக்கிறது என்று அவள் காதுக்கே கேட்டிருக்க வேண்டும்.

எதிர்த்து நிற்கிற அப்பாவுக்காக மூளையைக் கசக்கி இத்தனை திட்டம் போட்டிருக்கிறார்கள். எதிர்க்காத அம்மாவுக்காக யாரும் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். அம்மா கவுனைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, ஈயக் குண்டுகளை விளிம்பில் வைத்துத் தைத்து முடித்தாள். தையல் எப்போதும்போல் நேராகத்தான் வந்தது. அழுதுகொண்டே நேராகத் தைக்க அவளுக்குப் பழக்கம் உண்டு.

மலையேறும் நாளுக்கு முந்தைய தினம் அந்த வீட்டில் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாடு முடிந்துவிடும். நான்கு பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். சின்னவளின் பை கதவோரம் இருந்தது. அப்பா இன்னமும் ஒற்றர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வளைவில் ஏறும்போதே முகத்தில் டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறாராம்.

அம்மா அவர் தட்டில் ரொட்டியை வைத்தாள்.

“நாளைக்கு நானும் மேல வரேன்.”

பெரியவளின் கரண்டி பாதியில் நின்றது. அப்பா முதலில் வேடிக்கை என்று நினைத்தார். போன தடவை பாதி வழியில் மூச்சு முட்டி, உதடு நீலமாகி, எல்லோரையும் கதிகலங்க வைத்ததை நினைவுபடுத்தினார்.

“முட்டட்டும்” என்றாள் அம்மா.

அப்பா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். மலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே பயப்படுகிற மனைவி. காலையிலிருந்து கஸ்டமரைத் திட்டாத பெரிய மகள். தோழி வீட்டுக்கு ஒரு ராத்திரி தங்கப் போக இவ்வளவு பெரிய பையைக் கட்டி வைத்திருக்கிற சின்ன மகள். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. நாள் முழுக்க எதிர்க்கடைமேல் இருந்த சந்தேகம் மெல்ல வீட்டுக்குள் திரும்பியது.

வண்டியில் ஏறப் போவது யார் என்று பெரியவளைக் கேட்டார். கஸ்டமர் பெயரைச் சொல்லக் கூடாதென்று நீங்கள்தானே அப்பா சொல்லியிருக்கிறீர்கள் என்று அவள் இழுத்தாள்.

“பேர் கேக்கல. யாருன்னு கேக்கறேன்.”

“நான்தாம்பா” என்றாள் சின்னவள்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூட்ஸ் யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாளைக்கு எந்தக் காகிதத்தில் தன் கையெழுத்தை வாங்கப் பார்த்தார்கள் என்பதும் அந்த அமைதியில் அவருக்கு எட்டியிருக்க வேண்டும். பெரியவள் அப்பா என்று ஆரம்பித்தாள். அவர் கையை மட்டும் உயர்த்தினார், அவள் நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் மனைவி பக்கம் திரும்பினார். மகள்கள்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தப் பார்வையில் அவள்மேல் வந்தது.

“உனக்கும் தெரியுமா?”

“இன்னிக்குத்தான் நிச்சயமா தெரிஞ்சது. நானா கண்டுபிடிச்சேன், யாரும் சொல்லல.” அம்மா ரொட்டிப் பாத்திரத்தை மூடினாள். “உங்களயாவது கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சாளுங்க. எனக்கு அதுவும் இல்லைங்க.”

அக்காவும் தங்கையும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா மனைவியின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு எழுந்து கை கழுவினார், துடைத்துக்கொண்டார், சாவியை எடுத்தார்.

“வா, வண்டியில ஏறு” என்றார். சொன்னது அம்மாவிடம்.

அம்மா எதுவும் கேட்காமல் எழுந்தாள். சின்னவள்தான் வாசல்வரை ஓடிவந்து, எங்கேப்பா போகிறீர்கள் என்று கேட்டாள்.

“அந்தப் பையனுக்கும் அப்பா அம்மா இருக்காங்கல்ல. அவங்களுக்காவது சொன்னீங்களான்னு கேட்டுட்டு வரோம்.”

அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. முன் சீட்டில் அப்பாவின் பக்கத்தில் அம்மா ஏறி உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் சின்னவளுக்குப் போன் ஞாபகம் வந்தது. டிரோனின் எண்ணை அழுத்தினாள். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

எடுத்தது அவன் அம்மா. அந்த வீட்டிலும் ஒரு பெற்றவள் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.